நல்ல டிரவுட் ஓடையை யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது?

வர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலையில் ஒரு சின்ன ஓடையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாண்டு தாண்டினால் மறுகரை. பாசி படிந்த பாறைகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்தில் கசம். பூச்சி போலக் கட்டிய செயற்கை இரையான ஃப்ளையைப் போட்டதும், புரூக் டிரவுட் என்ற மலை ஓடை மீன் ஒன்று பாய்ந்து கவ்வுகிறது. அடுத்த கசத்திலும் அப்படியே. சாயங்காலம் வண்டிக்குத் திரும்பி, கைப்பேசியில் சிக்னல் வந்ததும் அந்த மீனின் படத்தை யாருக்காவது அனுப்ப விரல் துடிக்கும். யாருக்கு அனுப்பலாம், கூடவே எவ்வளவு சொல்லலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். டிரவுட் பிடிப்பவர்கள் இதில் முதல் பாதியை மட்டும் மகா கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். பல வருடம் கூடவே வேலை பார்த்தவர்கூட, 'எங்கே பிடிச்சீங்க?' என்று கேட்டால் ஊரைச் சொல்வார், ஆற்றைச் சொல்ல மாட்டார். ஒரு நல்ல இடத்தை இணையத்தில் போட்டு ஊருக்கே சொல்லிவிடுவதற்கு 'ஸ்பாட் பர்னிங்' என்று பெயர். இந்த வட்டாரத் தூண்டில்காரர்கள் நடுவில் அது சின்னக் குற்றமல்ல.

உங்கள் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. யாரிடமும் மூச்சு விடாமல் இருக்கலாம். நம்பிக்கையான ஓரிருவரை மட்டும் அழைத்துப் போகலாம். இடத்தைச் சொல்லாமல், இடம் தேடும் முறையை மட்டும் சொல்லித் தரலாம். படத்தோடு எல்லோருக்கும் சொல்லிவிடலாம். மாநில மீன்வளத் துறையின் உயிரியலாளரிடம் தெரிவிக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. என் கணக்கில் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

வடக்கு வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் வசிக்கும் தமிழர்களில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள் உண்டு, என்னையும் சேர்த்து. அதனால் இந்த வட்டாரத்தை வைத்தே எழுதுகிறேன். இதில் வரும் ஓடைப் பெயர்கள் எல்லாம் ஏற்கெனவே ஊரறிந்தவை. பூங்கா நிர்வாகமும் மாநில அரசும் எப்போதோ சொல்லிவிட்டவை. பெயரில்லாத ஓடை எதுவும் இங்கே தேறாது, தேடாதீர்கள்.

மறைத்து எதைக் காப்பாற்றுகிறோம்?

ரகசியம் காப்பவர்கள் எப்போதும் சொல்லும் காரணம், 'தெரிந்தால் மீனை அழித்துவிடுவார்கள்' என்பது. அதில் பாதிதான் உண்மை.

புரூக் டிரவுட் இந்த மலைகளின் சொந்த மீன். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் இருக்கும் ரெயின்போ டிரவுட்டைப் போல வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதல்ல. குளிர்ந்த, தெளிந்த தண்ணீர் அதற்கு வேண்டும். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திணற ஆரம்பித்துவிடும். சத்துக் குறைந்த மலை ஓடைகளில் ஆறேழு அங்குலம் இருந்தாலே நல்ல மீன். ஒன்பது அங்குலம் வந்தால் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருக்கலாம். இந்த ஓடைகளில் அது மூன்று நான்கு வருடத்துக்கு மேல் வாழ்வது அபூர்வம். இலையுதிர் காலத்தில் சரளைக்கல்லில் குழி பறித்து முட்டையிடும்.

இத்தனை மென்மையான மீனைத் தூண்டில்காரர்கள் துடைத்தெடுத்துவிட மாட்டார்களா? தெற்கே கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் இதே பயத்தில்தான் 1970களின் நடுவில் புரூக் டிரவுட் பிடிப்பதற்குத் தடை போட்டார்கள். அப்புறம் 2000களின் தொடக்கத்தில் சில ஓடைகளை மட்டும் சோதனையாகத் திறந்துவிட்டு, மூன்று வருடம் மீன்களை எண்ணிப் பார்த்தார்கள். மீன் பிடிக்க விட்டதால் எண்ணிக்கை சொல்லும்படி குறையவில்லை. 2006ல் தடை நீங்கியது. அந்தப் பூங்காவில் புரூக் டிரவுட் தன் பழைய இருப்பிடத்தில் முக்கால் பங்கு வரை இழந்தது உண்மைதான். ஆனால் இழக்க வைத்தது தூண்டில் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் மலையை மொட்டையடித்தன. ஓடைகளில் நிழல் போய் மண் சரிந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியிலிருந்து ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கீழ்ப்பகுதிகளைப் பிடித்துக்கொண்டு, சொந்த மீனை மலை உச்சிக்குத் துரத்திவிட்டது.

இன்னொரு உதாரணம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1995 ஜூன் மாதக் கடைசியில் வர்ஜீனியாவின் மேடிசன் கவுண்டியில் கொட்டிய மழையில் மலைச்சரிவுகள் அப்படியே பெயர்ந்து வந்தன. ஷெனாண்டோ தேசியப் பூங்காவில் உள்ள ஸ்டான்டன் ஓடையின் கீழ்ப்பகுதியில் பாறையும் மரமும் சேறுமாக இறங்கி, இருந்த மீனையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே தப்பித்த மீன்கள் மெல்ல இறங்கி வந்தன. மூன்றே வருடத்தில் புரூக் டிரவுட் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியது. ஓடை தொடர்ச்சியாக இருந்து, தண்ணீரும் குளிர்ச்சியாக இருந்துவிட்டால் இந்த மீன் எதையும் தாங்கும்.

ஆகவே, விதிப்படி மீன் பிடிக்கும் கூட்டத்திடமிருந்து ஓடையை மறைப்பது, மீனைவிட உங்கள் தனிமையைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு கசத்தில் வளர்ந்த மீன் இரண்டோ மூன்றோ இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் நடந்து போயிருந்தால் அவை பாறைக்கடியில் பதுங்கிவிடும்; அன்றைக்கு உங்களுக்கு அந்த ஓடை முடிந்தது. பெரிய ஆற்றில் இருபது பேர் நிற்கலாம், இங்கே இரண்டாவது ஆளுக்கே இடமில்லை. தனிமைக்காக மறைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறைப்பது நேர்மையான காரியம். மீனின் பேரைச் சாட்டுவதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தால் வரும் உண்மையான கெடுதல்கள் சில உண்டு. புழு மாட்டிப் பிடித்தால் மீன் தூண்டில் முள்ளை உள்ளே வரை விழுங்கிவிடும். அப்படிப் பிடித்து விட்ட மீன்களில் நான்கில் ஒன்று, சில சமயம் மூன்றில் ஒன்று செத்துப்போகும். ஃப்ளையில் பிடித்தால் சாவது பொதுவாக ஐந்து சதவீதத்துக்குள்தான். அக்டோபர், நவம்பரில் ஓடைக்குள் இறங்கி நடப்பவர்கள் முட்டைக்குழிகளை மிதித்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் களைத்திருக்கும் மீனைப் பிடித்துப் படம் எடுத்து விட்டால், நீந்திப் போவது போலத் தெரியும், அவ்வளவுதான். அப்புறம் ஆட்களின் காலோடு வருகிற வினை. மேரிலாந்தின் கன்பவுடர் ஆற்றில் 2008ல் டிடிமோ என்ற பாசி வந்து பாறைகளின் மேல் சளி போலப் படர்ந்தது. இப்படிப்பட்ட பாசிகள் காலணியின் கம்பளி அடிப்பாகத்தில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அதனால் 2011ல் அந்த மாநிலம் கம்பளி அடிப்பாகக் காலணிகளையே தடை செய்தது.

மூச்சு விடாமல் இருப்பது

இதுதான் எளிது, செலவும் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டால் முடிந்தது. ஓடை சின்னது, போகும் பாதை குறுகல், வண்டி நிறுத்த ஒரே ஒரு இடம் என்றால் முதல் ஒரு வருடத்துக்கு இதையே நானும் சொல்வேன். அந்த ஓடையை நான்கு பருவத்திலும் பார்க்காமல் அதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஏப்ரலில் துள்ளிக் குதிக்கும் ஓடை ஆகஸ்டில் தேங்கிய குட்டைகளின் வரிசையாகக் கிடக்கலாம்.

முழு ரகசியத்துக்கு இரண்டு விலை உண்டு. முதலாவது, உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. இந்த மலைப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடையாது. வழுக்குப் பாறை, திடீர் மழை, கிலுகிலுப்பைப் பாம்பு மூன்றும் உண்டு. எந்த ஓடை என்று தெரியாத ஆளை இரவில் எங்கே போய்த் தேடுவது? எந்தப் பாதையில் இறங்குகிறேன், வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குள் அழைப்பேன் என்று வீட்டில் ஒருவருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மீனில் அக்கறையே இல்லாத வீட்டுக்காரர் ரகசியத்துக்கு மிகப் பாதுகாப்பான பெட்டி.

இரண்டாவது விலையை ஓடை கொடுக்கிறது. யாருக்கும் தெரியாத ஓடை கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாமலே கெட்டுப்போகும். சாலைக்கு அடியில் தண்ணீர் போகப் போட்ட குழாய் ஓடை மட்டத்துக்கு மேலே தொங்கினால் மீன் மேலேறிப் போக முடியாது. அதற்கு மேலே இருக்கும் மீன் கூட்டம் தனித்துப்போய் ஒரு வறட்சியில் அற்றுப்போகலாம். ஹெம்லாக் மரங்களை அடெல்ஜிட் என்ற பூச்சி கொன்றுகொண்டிருக்கிறது, ஓடையின் நிழல் போகிறது. இதையெல்லாம் பார்த்துப் புகார் சொல்ல ஒருவராவது வேண்டும். அந்த ஒருவர் நீங்கள் மட்டும்தான் என்றால், நீங்கள் வேலை மாறி டெக்சாஸுக்குப் போன நாளோடு சரி.

ஓரிருவரை அழைத்துப் போவது

நடைமுறையில் பெரும்பாலானோர் வந்து நிற்கும் இடம் இதுதான். எனக்கும் பிடித்த வழி. ஆனால் இதில்தான் நட்பு முறியும் வாய்ப்பும் அதிகம்.

ரகசியம் பரவுவது கெட்ட எண்ணத்தால் அல்ல. நீங்கள் ஒருவரிடம் சொல்கிறீர்கள். அவருக்கு ஒரு மைத்துனர், ஊரிலிருந்து வந்திருக்கிறார், அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும். மைத்துனர் எடுத்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. அங்கே ஒருவர், 'இது எந்த இடம்?' என்று கேட்கிறார், யாரோ நல்ல மனதோடு லொகேஷனை அனுப்பிவிடுகிறார். இதில் யாரும் துரோகி இல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்த ஒற்றை நிறுத்துமிடத்தில் மூன்று வண்டிகள் நிற்கும்.

அதனால் சொல்லாதீர்கள், அழைத்துப் போங்கள். சொல்லிக் கேட்ட இடம் செய்தி. அது கைமாறிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் கூட நடந்து, ரோடோடென்ட்ரான் புதரில் சட்டையைக் கிழித்துக்கொண்டு பார்த்த இடத்தைப் பற்றி அவரே வாய் திறக்க யோசிப்பார். கூடவே, நிபந்தனையைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், திரும்பி வரும்போது அல்ல. இங்கே பழைய ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காட்டியவரைக் கேட்காமல் மூன்றாவது ஆளைக் கூட்டிப் போகக் கூடாது. காட்டியவரைவிட அடிக்கடி அங்கே போகவும் கூடாது. இந்த இரண்டாவது பாதியைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

யாரை அழைத்துப் போவது? திறமைசாலியைவிட பொறுமைசாலியை. ஓடையோரத்தில் உட்கார்ந்து நீங்கள் மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறவர் என்றால் அவர் சரியான ஆள். சின்ன ஓடையில் இருவர் சேர்ந்து மீன் பிடிப்பது என்றால் கசத்துக்கு ஒருவராக மாறி மாறித்தான். அந்தக் காத்திருப்பு எரிச்சலூட்டுகிறவருக்கு இந்த ஓடை எதற்கு? அவரைப் பெரிய ஆற்றுக்குக் கூட்டிப் போங்கள்.

இடத்தைச் சொல்லாமல் வழியைச் சொல்வது

புதிதாகத் தூண்டில் வாங்கிய ஒருவர் உங்களைக் கேட்கிறார். முகத்தை முறித்துக்கொள்ளவும் முடியாது, இடத்தைக் கொடுக்கவும் மனமில்லை. அவருக்கு வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இந்த விளையாட்டுக்கு இங்கே 'ப்ளூ லைனிங்' என்கிறார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 1:24,000 அளவு வரைபடத்தில் முடி போல மெல்லிய நீலக் கோடுகள் இருக்கும். பொது நிலத்துக்குள் பிறந்து, பொது நிலத்துக்குள்ளேயே சில மைல் ஓடும் கோடாகப் பாருங்கள். உயரக்கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு அதிகம், சின்னச் சின்ன அருவிகளும் கசங்களும் இருக்கும். ரொம்பவே நெருக்கமாக இருந்தால் அது ஓடையல்ல, படிக்கட்டு. வடக்குப் பார்த்த பள்ளத்தாக்கு வெயில் காலத்தில் குளிர்ச்சியாக இருக்கும். மேலே நல்ல ஊற்று இருந்தால் இன்னும் நல்லது. பத்துக் கோடுகளைத் தேடிப் போனால் சிலவற்றில் தண்ணீரே இருக்காது, சிலவற்றில் தண்ணீர் இருக்கும் மீன் இருக்காது. மிச்சம் ஒன்றிரண்டு உங்களுடையது.

ஜார்ஜ் வாஷிங்டன், ஜெஃபர்சன் தேசிய வனங்கள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 18 லட்சம் ஏக்கர். அதில் எத்தனையோ நீலக் கோடுகள் வருடக்கணக்கில் ஒரு காலடியும் படாமல் கிடக்கின்றன. ஓர் இடத்தைக் கொடுத்தால் கேட்டவருக்கு ஒரு இடம் கிடைக்கும், உங்களுக்கு ஒன்று குறையும். முறையைக் கொடுத்தால் அவர் வேறு பக்கம் போய்த் தேடுவார், உங்களுக்கும் நஷ்டமில்லை. சோம்பேறிகள் இதில் தானாகவே கழிந்துவிடுவார்கள் என்பது கூடுதல் வசதி. ஒரே குறை, கேட்பவருக்கு வயதாகியிருந்தாலோ சின்னக் குழந்தையோடு வந்தாலோ இந்தப் பதில் பயன்படாது. அவர்களிடம் தெரிந்த ஆற்றின் பெயரை நேராகச் சொல்லிவிடுவது மரியாதை.

ஊரறியச் சொல்வது

சின்ன ஓடைக்கு இது வேண்டாம். இரண்டே வாக்கியத்தில் முடித்திருப்பேன், ஆனால் சொல்ல நினைக்காமலே சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விவரம்.

கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயக்குறிகள், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். தரம் குறையக் கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். ஐபோனில் படத்தைப் பகிரும்போது மேலே இருக்கும் விருப்பங்களில் இடத்தை அணைக்கலாம். அதைச் செய்தாலும் பின்னணி காட்டிக்கொடுத்துவிடும். மீனுக்குப் பின்னால் தெரியும் அருவியோ, மரப்பாலமோ, பாதைக் கம்பமோ அங்கே போயிருக்கிற ஒருவருக்குப் போதும். உடற்பயிற்சிச் செயலிகள் இதைவிட மோசம். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற செயலி, பயனர்கள் ஓடிய தடங்களைச் சேர்த்து வெளியிட்ட வெப்ப வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகளே வெளிச்சம் போட்டுத் தெரிந்து பெரிய விவகாரமானது. பாதையே இல்லாத பள்ளத்தாக்கில் ஓடையோடு ஒட்டி மெதுவாக வளைந்து போகும் உங்கள் தடத்தைப் பார்த்தால், தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மீனைக் கையளவு நெருக்கத்தில், தண்ணீருக்கு மேலேயே வைத்து எடுங்கள். பின்னணியில் சரளைக்கல் மட்டும் இருக்கட்டும்.

ஆனால் புகழ் என்றாலே கேடு என்று சொல்வதற்கில்லை. 1929ல் பதவியேற்ற அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் தூண்டில் பைத்தியம். வாஷிங்டனிலிருந்து நூறு மைலுக்குள், 2,500 அடி உயரத்தில், டிரவுட் உள்ள ஓடையோரமாக இடம் பார்க்கச் சொன்னார். மில் பிராங், லாரல் பிராங் என்ற இரண்டு ஓடைகள் கூடி ராப்பிடான் ஆறு பிறக்கும் இடத்தில் அவர் முகாம் எழுந்தது. அந்த வருட அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டே அங்கே வந்து கடற்படைக் குறைப்பு பற்றிப் பேசிவிட்டுப் போனார். இதைவிட விளம்பரம் ஒரு டிரவுட் ஓடைக்குக் கிடைக்குமா? இன்றும் ராப்பிடானில் புரூக் டிரவுட் இருக்கிறது. அங்கே பிடித்த மீனை விட்டுவிட வேண்டும், ஒற்றை முள் உள்ள செயற்கை இரை மட்டும்தான் அனுமதி. ரகசியம் செய்ய வேண்டிய வேலையை விதி செய்கிறது.

கன்பவுடர் ஆறு இன்னொரு படி மேல். பிரெட்டிபாய் அணைக்குக் கீழே ஒரு காலத்தில் தண்ணீரை நினைத்தபோது திறப்பார்கள், நினைத்தபோது மூடுவார்கள். 1980களில், டிரவுட் ஓடைகளைக் காக்கும் டிரவுட் அன்லிமிட்டெட் அமைப்பின் உள்ளூர் ஆட்கள் விடாமல் போய் நின்று, வருடம் முழுக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று பால்டிமோர் நகரத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வழி செய்தார்கள். அணையின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த நீரில் பிரவுன் டிரவுட் இப்போது தானாகவே பெருகுகிறது. அந்த ஆற்றை ரகசியமாக வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது. டிடிமோ வந்ததும் அதே ஆற்றுக்குத்தான் என்பது உண்மை. கூட்டத்தின் விலை அது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் அந்த ஆற்றுக்குப் புகழ் லாபம்தான்.

உயிரியலாளரிடம் சொல்வது

பென்சில்வேனியாவின் மீன், படகு ஆணையம் 2010ல் ஒரு வேலையைத் தொடங்கியது. அதுவரை யாரும் ஆய்வு செய்யாத ஓடைகளைக் கல்லூரிகளோடும் தன்னார்வ அமைப்புகளோடும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது. அப்போது மார்செல்லஸ் பாறையடுக்கில் எரிவாயுத் துளையிடல் வேகம் பிடித்திருந்தது. எந்த ஓடையில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே சாலையும் குழாயும் போய்விடும் என்ற அவசரம். டிரவுட் தானாகப் பெருகுகிறது என்று உறுதியானால் ஓடை பட்டியலில் ஏறும். ஏறியதும் அதையொட்டிய ஈரநிலங்களுக்கு மாநிலத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பு வகை பொருந்தும். மீன் அடர்த்தி அதிகமாக இருந்து 'கிளாஸ் ஏ' தரம் கிடைத்தால், நீரின் தரத்தைக் குறைக்க விடாத வகைக்கு அந்த ஓடை தகுதி பெறும். கட்டுமான அனுமதி கேட்டு வரும் கம்பெனி அதற்கேற்பத் திட்டம் போட வேண்டும்.

வர்ஜீனியாவில் வேறு மாதிரி. 1987ல் வர்ஜீனியா பல்கலைக்கழகம் அமில மழையின் விளைவைத் தெரிந்துகொள்ள, டிரவுட் அன்லிமிட்டெட் தன்னார்வலர்களை வைத்து ஒரே வசந்த காலத்தில் நூற்றுக்கணக்கான மலை ஓடைகளில் தண்ணீர் மாதிரி எடுத்தது. 2000, 2010, 2021 என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை போல அதே வேலை தொடர்கிறது. எந்த ஓடை தேறிவருகிறது, எது இன்னும் அமிலத்தில் தவிக்கிறது என்று இன்று சொல்ல முடிவது இந்தப் பாட்டில்களால்தான். அந்த மாதிரிகளை எடுத்தவர்களில் பலர் தங்கள் இடத்தை மனைவியிடம்கூடச் சொல்லாத தூண்டில்காரர்கள்.

இதில் ஓர் இடறல் உண்டு. பென்சில்வேனியாவின் பட்டியல் பகிரங்கமானது. உங்கள் ஓடையின் பெயரும் அதில் வரும். ஆனால் பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்கள், அவற்றில் பல வெறும் பெயரற்ற கிளையோடைகள், முகத்துவாரத்தின் ஆயக்குறியோடு. மீன் படமில்லை, நிறுத்துமிடக் குறிப்பில்லை, 'செம்ம ஸ்பாட்' என்று யாரும் எழுதவில்லை. கூட்டம் போவது கதையைக் கேட்டு. அரசு அட்டவணையைப் படித்துவிட்டு மலையேறுகிறவன் எப்படியும் அந்த ஓடைக்குத் தகுதியானவன்தான்.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால்: ஓடையின் பெயர் அல்லது அது எதில் சேர்கிறது, பார்த்த தேதி, மீன் எந்த இனம், விரல் நீளக் குஞ்சுகள் இருந்தனவா, தண்ணீரின் வெப்பம். குஞ்சுகள்தான் முக்கியம், மீன் அங்கேயே பெருகுகிறது என்பதற்குச் சான்று அதுதான். ஒரு சின்ன வெப்பமானியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட மீன்வள அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

எந்த ஓடைக்கு எது

ஷெனாண்டோ பூங்காவுக்குள் ஓடும் பெயர் தெரிந்த ஓடைகளை, ரோஸ் ரிவர், ஹியூஸ் ரிவர், ஜெரமீஸ் ரன் போன்றவற்றை, மறைப்பதில் பொருளே இல்லை. யார் கேட்டாலும் சொல்லுங்கள். எந்தக் கசம், எந்தப் பாறை என்பதை மட்டும் உங்களோடு வைத்துக்கொண்டால் போதும். மாநிலம் வளர்த்து விடும் மீன் உள்ள ஓடைகளும் அப்படியே. அவை எல்லோருக்கும் என்று விட்டவை, பிள்ளைகளைக் கூட்டிப் போக அதுதான் இடம்.

தேசிய வனத்துக்குள் பெயரில்லாத நீலக் கோடு ஒன்றில் புரூக் டிரவுட் கண்டால் என் வரிசை இது: முதலில் உயிரியலாளருக்கு எழுதுவது, வீட்டில் ஒருவருக்கு வழியைக் கொடுத்து வைப்பது, ஒரு வருடம் கழித்து ஒரே ஒரு நண்பரை அழைத்துப் போவது, மற்றவர்களுக்கு வரைபடம் படிக்கக் கற்றுத்தருவது. இணையத்தில் எதுவும் இல்லை, நெருக்கத்தில் எடுத்த மீன் படத்தைத் தவிர. இப்படிச் செய்தால் உங்கள் தனிமையும் மிஞ்சும், நாளைக்கு அங்கே ஒரு சாலை வருமென்றால் கோப்பில் அந்த ஓடைக்கு ஒரு பேரும் இருக்கும்.

பூங்காவுக்குக் கீழே, ஓடை தனியார் நிலத்தில் இறங்கும் இடங்களில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. வர்ஜீனியாவில் இது விளையாட்டான விஷயமில்லை. ஜாக்சன் ஆற்றில் இங்கிலாந்து அரசர் காலத்துப் பட்டாவை வைத்திருந்த நில உரிமையாளர்களுக்கே மீன்பிடி உரிமை என்று 1996ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஊர் இது. ஒரு விவசாயி உங்களை நம்பித் தன் வேலிக் கதவைத் திறந்துவிட்டிருந்தால், அந்த இடம் அவருடைய ரகசியம், உங்களுடையதல்ல. நண்பரை அழைத்து வரலாமா என்று ஒவ்வொரு முறையும் அவரைக் கேட்க வேண்டும். உயிரியலாளருக்கு எழுதுவதானால்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான். ஆய்வுக்கு யாராவது வந்தாலும் அவர் நிலத்தில்தானே இறங்க வேண்டும்.